பின் கதவு மோட்டார்

முதலாளியின் காரை ஆறு வருடமாக ஓட்டிவந்த டிரைவருக்கு, அப்பா இறந்த செய்தி ஒரு ஹோட்டல் வாசலில் காத்திருக்கும்போது வந்தது. காலையிலேயே தம்பி போன் செய்து, "அப்பா உன்னையே கேட்டுக்கிட்டிருக்கார், உடனே கிளம்பு" என்றிருந்தான். முதலாளியிடம் அனுமதி கேட்டார். "மீட்டிங் முடியட்டும், சாயங்காலம் போ" என்றார் அவர், கையிலிருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியபோது முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "ஏசியக் கூட்டு" என்றார். டிரைவர் கூட்டினார். மனதுக்குள் கறுவிக்கொண்டார். வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாம்தான். போய்விட்டால் இந்த ஆளைப் பழிவாங்குவது எப்படி?

அந்த மாதம் முன்பக்கத்து இடது கதவின் லாக் மந்தமாகிவிட்டது. பட்டனை அழுத்தினால் மற்ற மூன்றும் டக்கென்று திறக்கும். இது மட்டும் முனகி முனகி ஏறும். எல்லோரும் 'கரண்ட் அக்கா' என்று கூப்பிடும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா கதவின் உள்பலகையைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"வயர்ல கோளாறு இல்ல தம்பி. லாக் இழுக்கும்போதும் பன்னெண்டு வோல்ட் வருது. கம்பியக் கழட்டிட்டுக் கையால தள்ளிப் பாத்தேன், பூட்டும் லேசாத்தான் நகருது. மோட்டார்தான் தேஞ்சுபோச்சு. புதுசு போட்டுடு."

முதலாளியோ, "அந்த சீட்ல யாரு உக்காரப் போறா? அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டார்.

டிரைவர் மறுபடி அக்காவிடம் வந்தார். "பின்னாடி இடது கதவுல இருக்கறதும் இதே மோட்டார்தானே?"

"ஆமா, ரெண்டு வயர் மோட்டார். உன் கதவுல மட்டும்தான் வேற."

"அப்ப ரெண்டையும் மாத்திப் போட்டுடலாமா?"

"பின்னாடி யாரு உக்காருவா?"

"அவர்தான்."

அக்கா சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் திணித்தாள். "நீயே மாத்திக்கோ. நான் பாக்கல."

டிரைவர் மாற்றிப் போட்டார். இப்போது பின் கதவின் லாக் முழுசாக ஏறுவதற்குள் கைப்பிடியை இழுத்தால் கம்பி மாட்டிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் பட்டனை அழுத்த வேண்டும். பொறுமை என்பது முதலாளிக்கு மருந்துக்கும் கிடையாது. கொட்டுகிற மழையில், சட்டை உடம்போடு ஒட்ட, அவர் கைப்பிடியோடு மல்லுக்கு நிற்பதை டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "கைய விட்டுட்டு இழுங்க சார்" என்று பணிவாகச் சொன்னார். அன்றைக்கு டிரைவருக்குச் சாப்பாடு ருசித்தது. "புது மோட்டார் இன்னும் வரல சார்" என்று சாக்குச் சொல்லியே மூன்று வாரம் ஓட்டினார்.

ஒரு மத்தியானம் அலுவலக வாசலில் முதலாளியின் அக்கா நின்றிருந்தார். வெளியே வந்த முதலாளி அவரைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டு வந்து காரின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். டிரைவர் பட்டனை அழுத்தினார். மோட்டார் முனகியது. முதலாளி பிடியை விடவேயில்லை. அதற்குள் அக்கா வந்துவிட்டார்.

"என்னடா, கூடப் பொறந்தவளப் பாத்து ஓடுற? மூணு மாசமா போன் பண்றேன். அம்மா இழுத்துக்கிட்டிருக்கா. கண்ணத் தொறந்தா உன்னத்தான் கேக்கறா."

"கதவத் திற" என்று முதலாளி கண்ணாடியைத் தட்டினார்.

கையைப் பின்னால் நீட்டினால் பூட்டுக் குமிழைத் தூக்கிவிடலாம். டிரைவர் நீட்டவில்லை. "திறக்க மாட்டேங்குது சார்" என்றார். மேல்மாடி ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. அத்தனை பேர் பார்க்க அக்கா கொட்டித் தீர்த்தார். முதலாளியின் முகம் செத்துப்போவதை டிரைவர் கண்கொட்டாமல் பார்த்தார்.

கடைசியில் முதலாளி கையை எடுத்தார்; டிரைவர் பட்டனை அழுத்த, கதவு திறந்தது. "ஏறுக்கா, போலாம்" என்றார்.

அம்மாவின் வீடு அரை மணி தூரம். டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். திறந்திருந்த ஜன்னல் வழியே கட்டில் தெரிந்தது. முதலாளி தரையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். எலும்பும் தோலுமான ஒரு கை அவர் கன்னத்தைத் தடவிக்கொடுத்தது.

அக்கா டிரைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். "அந்தக் கதவு மட்டும் சட்டுனு திறந்திருந்தா ஓடியே போயிருப்பான் தம்பி. நல்ல வேளை."

டிரைவர் தம்ளரை அப்படியே திருப்பிக் கொடுத்தார். தனக்குக் கிடைக்காததைத் தன் கையாலேயே அந்த ஆளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அம்மா அந்த வாரமே போய்விட்டார். எல்லாம் முடிந்து காரில் ஏறிய அன்று முதலாளி மெல்லிய குரலில், "அந்த மோட்டார மாத்திடு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "உங்க அப்பா விஷயத்துல அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"அதப் பேசாதீங்க சார்."

"இல்லப்பா, என் மனசு கேக்கல..."

"உங்க மனசு ஆறணும்னா வேற ஆளப் பாருங்க. என்கிட்டச் சொல்லி அது ஆற வேணாம்."

கண்ணாடியில் பார்த்தார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்தபோதுகூட அந்த முகம் இவ்வளவு பரிதாபமாக இருந்ததில்லை. மூன்று வாரத்தில் கிடைக்காத நிறைவு டிரைவருக்கு அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

மறுநாள் கரண்ட் அக்காவின் பட்டறையில் புது மோட்டாரைத் தானே பொருத்தினார். பத்துத் தடவை பூட்டித் திறந்து சரிபார்த்துவிட்டு, காரை அலுவலகத்தில் நிறுத்தி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார்.

"எப்ப வருவீங்கண்ணே?"

"வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.