‘மாதிரி’ என்று ஒட்டியது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் ஒருவரும் என்னை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

நான் கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுப்பவள். குழுவில் இன்னும் மூன்று பேர். ஒருவர் நரம்பு மருத்துவர். எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஆள் மறைந்துவிடுவார். இன்னொருவர் கணினிக்காரர். எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு துரும்பு சேரவிடமாட்டார் என்பதால் அவருக்குச் ‘சுத்தம்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். மூன்றாமவர் இசை ஆராய்ச்சிக்காரர், ‘சுருதி’. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு சொற்களில் பொருள் உண்டா என்பது எங்கள் கேள்வி. ஒலிப்பதிவுகளை நால்வருக்கும் பொதுவான அந்தப் பக்கத்தில் ஏற்றுவோம். ஒவ்வொன்றின்மேலும் அடையாளத்துக்கு ஒரு சொல்லை ஒட்டுவோம். அதன் கீழே சண்டை போட்டுக்கொள்வோம்.

அந்தப் பதிவுகளில் என் தம்பியும் இருந்தான். யாருடைய குரல் எது என்று நாங்கள் போடுவதில்லை, அதனால் மற்ற மூவருக்கும் அது தெரியாது.

தம்பி பள்ளியில் விளையாட்டு ஆசிரியன். அவனுக்கு விசில் எதற்கு, வாயே போதும் என்பார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு மிஞ்சியது ஒரே தொடர்தான்: “அது மாதிரி.” பசித்தாலும் அது மாதிரி, வலித்தாலும் அது மாதிரி. நமக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொல்வான், தொண்டை கட்டிப்போகும். நான் உள்ளே நுழைந்தாலும் நீட்டி முழக்கி அதையே நாலைந்து தரம். ‘போய்த் தொலை’ என்கிறானோ என்று மனசு நொந்து நானும் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

அவன் போகும் பேச்சுப் பயிற்சி நிலையத்தில், அது வெறும் வாய்ப்பழக்கம், மாதக் கடைசியோடு பயிற்சியை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இல்லை, பொருள் இருக்கிறது என்று தம்பி மனைவி எவ்வளவோ சொன்னாள். பெண்டாட்டி பாசம் என்று தள்ளிவிட்டார்கள். அதனால்தான் தம்பியும் தலையாட்டிச் சம்மதித்த பிறகு, அவன் கட்டிலருகே ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்தோம். கிடைத்ததையெல்லாம் பக்கத்தில் ஏற்றி ‘மாதிரி’ என்று ஒட்டினேன். அவன் சொல்வது அதைத்தானே!

ஒரு நாள் காலை வகுப்புக்குப் போகுமுன் பக்கத்தைத் திறந்தால் தம்பியின் பதிவு ஒன்றுகூட இல்லை. உடனே சுத்தத்தைக் கூப்பிட்டேன்.

“என்னங்க, மாதிரின்னு ஒட்டியிருந்தேனே, அதெல்லாம் எங்க?”

“அதுவா மேடம்? அழிச்சுட்டேனே. சோதிச்சுப் பார்க்க சும்மா போடுறதைத்தானே மாதிரின்னு சொல்வோம்? கேட்டும் பார்த்தேன். மைக்ல ‘ஹலோ, ஹலோ’ங்கிற மாதிரி ஒரே வார்த்தைதான் ஓடுச்சு. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்.”

“உங்க சுத்தத்துல இடி விழ! அது என் தம்பியோட பேச்சுங்க!”

 “ஐயையோ” என்றார். பாவம், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். கருவியில் இடம் போதாது, நான் ஏற்றியதும் அதில் இருப்பதை அழித்துவிடு என்று தம்பி மனைவியிடம் சொல்லியிருந்தேன். மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய மாதத்தில் நாள் இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

குழுவில் விஷயத்தைச் சொல்லி, யாரிடமாவது பிரதி இருக்கிறதா என்று எழுதினேன். மருத்துவர் உடனே கட்டைவிரலை அனுப்பினார். அந்த விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது. அவரே அதை நீக்கிவிட்டு எழுதினார்: “மன்னிக்கவும். கைப்பழக்கம்.”

அப்போது சுருதி கூப்பிட்டார்.

“எங்கிட்ட இருக்கே மேடம். மாதிரின்னா முன்மாதிரின்னு நினைச்சேன். மத்தவங்க பேச்சையெல்லாம் இதோட ஒப்பிடச் சொல்றீங்கன்னு மொத்தத்தையும் இறக்கி, அஞ்சு கட்டா பிரிச்சு வச்சிருக்கேன்.”

“எதை வச்சுப் பிரிச்சீங்க? எல்லாம் ஒரே வார்த்தையாச்சே!”

“வார்த்தையா? அதை யாரு கேட்டா? நான் ஏத்த இறக்கத்தை மட்டும்தான் கேட்டேன்.”

கட்டுகளை உடனே என் கைபேசிக்கு அனுப்பச் சொன்னேன். வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே தம்பி வீட்டுக்கு ஓடினேன்.

அவன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் தம்பி மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதுவும் விளக்காமல் முதல் கட்டைப் போட்டேன்.

“இது தண்ணி கேக்குறது அண்ணி. இதுவும் தண்ணி. அட, எல்லாமே தண்ணி!”

இரண்டாவது கட்டு முழுக்க வலி. மூன்றாவது ‘வேணாம்’. நாலாவதைப் போட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னைக் கிண்டல் பண்றாரு. ஐயோ, இதையுமா படிச்சவங்க உக்காந்து கேட்டாங்க?”

யார் குரல் என்றே தெரியாத ஒருவர் பிரித்ததும், அவள் காதால் கேட்டுச் சொன்னதும் அப்படியே பொருந்தின. அங்கிருந்தே குழுவுக்கு எழுதினேன். இம்முறை மருத்துவரிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. “நிலையத்தில் நானே பேசுகிறேன். பயிற்சி நிற்காது” என்று வந்தது. தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள்.

ஐந்தாவது கட்டு மட்டும் மிச்சம். சுருதி அதன்மேல் எழுதியிருந்தார்: “இது பிடிபடவில்லை. மேலே தொடங்கி நீளமாக இறங்குகிறது. எல்லாவற்றிலும் முதலில் ஒரு கதவு கிறீச்சிடுகிறது.”

தம்பி மனைவி இரண்டு தரம் கேட்டாள்.

“இது நம்ம வாசக்கதவு அண்ணி. நாங்க எல்லாரும் பின்பக்கமாதான் வருவோம். இதைத் திறந்துக்கிட்டு வர்றது நீங்க ஒருத்தர்தான்.”

 உள்ளே அவன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. விழித்துவிட்டான். நான் எழுந்து பின்பக்கமாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, வாசல் கதவைத் திறந்தேன்.

“அது மாதிரீ...”

“வந்துட்டேன்டா தம்பி,” என்றேன்.

எப்போதும் நாலைந்து தரம் சொல்கிறவன், அன்று ஒரு தரத்தோடு நிறுத்திக்கொண்டான்.