நீலத் துணிக்குப் பின்னால்

கண் பரிசோதனைக்கு வந்த அம்மாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் எனக்குக் கிடைக்கும் ஓய்வு இவ்வளவுதான். இழுப்பறையைத் திறந்துவைத்து, புத்தகத்தை அதற்குள்ளேயே வைத்துப் படிப்பது என் வழக்கம். முதலாளிக்குத் தெரியும், கண்டுகொள்ளமாட்டார். அன்றைக்கு உள்ளே இருந்தது என் தம்பி எழுதிய தன்வரலாறு. 'அக்காவுக்கு, அன்போடு' என்று எழுதி அனுப்பியிருந்தான். பாதி தாண்டியிருப்பேன், பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுத்த பகுதி வந்தது.

"சரியா படிச்சேனாம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"எல்லாமே தப்பு" என்றேன், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஐயய்யோ! அவ்வளவு மோசமாவா போச்சு என் கண்ணு?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நடந்தது இதுதான். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது படம் எடுக்க ஒருவர் வந்தார். பின்னணிக்கு ஒரு நீலத் துணி கட்டினார்கள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. ரிப்பன் கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் நின்றிருந்தேன். டீச்சர் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீ பின்னால போய் துணியப் பிடிச்சுக்கோ" என்றார். எங்கள் தெருவிலிருந்து அந்த வகுப்பில் நான் ஒருத்திதான். அப்பா ஊர்ச் சாக்கடையில் இறங்குகிறவர். எங்கள் தெருப் பெயரைச் சொன்னால், கை கொடுக்க வந்தவர்கூடக் கையைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பெஞ்சின்மேல் ஏறி, துணிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். முன்னால் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, நானும் துணிக்குப் பின்னால் சிரித்தேன். படத்தில் துணியின் மேல் விளிம்பில் என் விரல்கள் மட்டும் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து தம்பியிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவன் அப்போது நான்காம் வகுப்பு.

அதை அவன் தனக்கு ஆறாம் வகுப்பில் நடந்ததாக எழுதியிருந்தான். நீலத் துணி, பெஞ்சு, விரல்கள், எல்லாம் அவனுடையவை. அந்தச் சிரிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி.

நான் சும்மா கையில் கிடைத்ததைப் புரட்டுகிறவள் இல்லை. எங்களைப் போன்றவர்களைப் பற்றி வந்த நாவல்களைத் தேடித் தேடிப் படித்தவள். அவற்றில் எங்கள் அம்மாக்கள் எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார்கள். அப்பாக்கள் குடிப்பார்கள். ஒரு பெண் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் செத்துப்போவாள், அப்போதுதான் படிக்கிறவருக்கு மனம் இளகுமாம். என் அம்மா சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். அவளை எந்த நாவலிலும் நான் பார்த்ததில்லை. சரி, கதைதானே, கதைக்குக் கால் ஏது என்று விட்டுவிடுவேன். அதற்காகத்தான் தன்வரலாறுகள் பக்கம் போனேன். முகப்பில் 'உண்மை' என்று ஒரு சொல் இருந்தால் அதன்மேல் நம்பி உட்காரலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்த நாற்காலியை என் தம்பியே உருவிவிட்டான். அவன் இதை நாவல் என்று போட்டிருந்தால் நானே நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்கப் புத்தகக் கட்டுகள். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணி கெட்ட கேடு. யாருடா துணியப் பிடிச்சது?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி. "நம்ம எல்லாருக்கும் நடந்ததுதானேக்கா. யாருக்கு நடந்தா என்ன? படிக்கிறவனுக்கு அது உறைக்கணும், அவ்வளவுதான்."

"அந்த டீச்சர் நம்ம எல்லாரையுமா பின்னால போகச் சொன்னா? என்னைச் சொன்னா. உனக்கு நடந்தது ஒண்ணுமே இல்லியா? ஊரெல்லாம் உன்னைத் தூக்கி வச்சுக் கொஞ்சுச்சா?"

உள்ளே குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

"என்னோடத எழுத வரலக்கா. உக்காந்து பாத்தேன். கை போகல."

அவனுக்கு என்ன நடந்ததென்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காத கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அப்ப என்னோடது உனக்கு வலிக்கல. அதான் எழுத வந்துச்சு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியீட்டுக் கூட்டத்தில் மேடையிலேயே சொல்வதாக ஒத்துக்கொண்டான். 'இது என் அக்காவுக்கு நடந்தது' என்ற ஒரே வரி. அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாகவும் சொன்னான். எனக்கு அந்த ஒரு வரி போதும். புத்தகத்தில் என் பெயர்கூட வேண்டாம்.

கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். பேசிய ஒவ்வொருவரும் அந்த நீலத் துணியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஒரு பேராசிரியர் கண் கலங்கினார். 'அந்தச் சிறுவனின் சிரிப்பு' என்று சொல்லி நிறுத்தி, தண்ணீர் குடித்தார். பக்கத்து நாற்காலிக்காரி என் தொடையைத் தட்டி, "பாவம் இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியின் முறைக்காகக் காத்திருந்தேன்.

அவன் எழுந்து ஒலிவாங்கி அருகே வந்தான். என்னைப் பார்த்தான். "கடைசியா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். சலவைச் சட்டை, கையில் ஒரு உறை.

"நான் அதே ஸ்கூல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். இவரோட ஆறாம் கிளாஸ் குரூப் போட்டோ இதோ இருக்கு. முன்வரிசையில கையக் கட்டிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கார். எந்தத் துணியும் பிடிக்கல. இவங்க எல்லாம் இப்படித்தான் கத கட்டுறாங்க. அப்படி எல்லாம் எங்க ஸ்கூல்ல ஒண்ணும் நடக்கல!"

அரங்கம் கசகசத்தது. அவர் காட்டிய படம் நிஜம். அவர் சொன்ன பொய் கடைசி வரியில் மட்டும் இருந்தது. முன்வரிசையில் ஒரு பத்திரிகைக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார். இப்போது தம்பி அந்த ஒரு வரியைச் சொன்னால், நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சு ஒன்றுதான்: 'பாத்தியா, பொய்யாம்.' இவனுடையது பொய், அப்புறம் இதற்கு முன்னால் எழுதியவர்களுடையது பொய், இனிமேல் எழுதப் போகிறவர்களுடையதும் பொய். துணியைப் பிடித்த எவரையும் எவரும் நம்பமாட்டார்கள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அது. மேடையில் வியர்த்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் அறையலாம்போல இருந்தது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் எழுந்தேன். ஒரு பெண் ஓடிவந்து ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தாள்.

"நான் இவரோட அக்கா" என்றேன். என் குரல் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. "அந்தப் போட்டோ ரெண்டாவது தடவ எடுத்தது. மொத தடவ எடுத்தப்ப என் தம்பிய துணிக்குப் பின்னாலதான் நிக்க வச்சாங்க."

"நீங்க பாத்தீங்களா?" என்றார் பெரியவர்.

"பாத்தேன். நான் அப்ப எட்டாம் கிளாஸ். ஜன்னல் பக்கத்துல நின்னு பாத்தேன். பெஞ்சு மேல ஏறி நின்னான். எல்லாரையும் சிரிக்கச் சொன்னாங்க, அவனும் சிரிச்சான்."

யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கினார். பிறகு அரங்கமே தட்டியது. பெரியவர் உறையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்து, "உக்காருங்க, உக்காருங்க" என்றாள். மேடையில் தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

உட்கார முடியவில்லை. கைதட்டல் அடங்கியது. நாற்காலிகள் நகரும் சத்தமும் அடங்கியது. ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. நான் மூச்சு விடுவது ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.