இரண்டாவது போல்ட்

டெய்லரம்மா தன் காருக்குத் தானே ஆயில் மாற்றப்போகிறாள் என்ற செய்தி வியாழக்கிழமையே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒட்டுக்கேட்டுப் பரப்பும் சிரமத்தை அவள் யாருக்கும் வைக்கவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமும், கால்சட்டை நீளம் குறைக்க வந்தவர்களிடமும், குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை கடை லீவு. வண்டிக்கு ஆயில் மாத்தணும். நானேதான்" என்று சொல்லி அனுப்பினாள். அந்த "நானேதான்" மட்டும் தெளிவாக விழவேண்டும் என்று ஊசியைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னாள்.

இந்த ரோஷத்துக்குக் காரணம் ஒரு ஒர்க்‌ஷாப்காரர். ஆறு மாதத்துக்கு முன்னால், "என்னங்க மாத்துனீங்க?" என்று இவள் கேட்டதற்கு, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டார். எதிர்ச்சாரியில் போகிறவரின் இடுப்பளவை இங்கிருந்தே அரை அங்குலம் பிசகாமல் சொல்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? வீட்டுக்கு வந்ததும் காரோடு கொடுத்த கையேட்டைப் பிளாஸ்டிக் உறை கிழித்து வெளியே எடுத்தாள். ஆறு வாரம் படித்தாள். முக்கியமான இடங்களைத் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸால் பட்டை பட்டையாகச் சுழித்து வைத்தாள். கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒருமுறை வந்து முன்சீட்டில் உட்கார்ந்து தூங்குவார். அவருக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அடுத்த வீடு அக்கா வீடு. அக்காவுக்குக் கண்ணில் புரை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். "என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன்" என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்த அன்றே டெய்லரம்மா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து அக்கா சைக்கிள் மிதிக்க, இவள் பின்னால் உட்கார்ந்து வந்தவள். ஒரு தடவையாவது அக்காவை உட்காரவைத்துத் தான் ஓட்டவேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு. ஆனால் கார் வாங்கி இரண்டு வருடமாகியும் அக்கா அதில் ஏறியதில்லை. அக்காவின் கணவர், மாமாவுக்குச் சொந்தமாக வண்டி இருக்கும்போது வேறு வண்டி எதற்கு?

மாமாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தெருவுக்கு அவர் டெப்போ மாமா. பஸ் டெப்போவில் இருபத்தாறு வருடம் வேலை. வருகைப் பதிவேடு எழுதும் வேலை. ஸ்பேனரை ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் அத்தனை வருடம் டீசல் புகையை மூச்சில் இழுத்ததில் விஷயமெல்லாம் தானாக உள்ளே போய்விட்டது என்று அவர் நம்பினார். எந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பதில் சரிதானா என்று பார்க்கத்தான் தெருவில் யாருக்கும் நேரம் இல்லை.

சனிக்கிழமை மதில் சுவருக்கு மேலே மாமாவின் தலை தெரிந்தது.

"நாளைக்கு நீ அந்த வண்டியத் தொறந்தேன்னா, திங்கக்கிழமை உங்க அக்கா என் வண்டியிலதான் வருவா. ஆபரேஷனுக்குப் போறவள நடுரோட்டுல எறக்கித் தள்ளச் சொல்லப்போறியா?"

"தள்ளுறதுக்கு உங்களத்தான் கூப்பிடலாம்னு இருக்கேன் மாமா."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் உள்ளேயிருந்து அக்கா. "நாளைக்கு வண்டி ஓடட்டும். சத்தத்தக் கேட்டுட்டு எதுல ஏறுறதுன்னு நானே சொல்றேன். கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டெய்லரம்மா வாசலுக்கு வந்தாள். கணவரின் பழைய சட்டையைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தாள். காருக்கடியில் படுக்கிறவளுக்கு எதற்கு அவ்வளவு எடுப்பான தோள் என்று கேட்கக்கூடாது. கழுத்தில் வழக்கம்போல அளவு டேப். பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டு இரண்டை நிறுத்தி, வண்டியை ஆட்டிப் பார்த்தாள். பழைய பெட்ஷீட்டில் ஸ்பேனர்களை அடுக்கி, ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு இழுத்தாள். மாடி வீட்டு டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்துவதற்கென்று பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதியம்வரை அவர் ஒரு பேப்பரும் புரட்டவில்லை என்பதற்கு எதிர்வீடே சாட்சி.

டெய்லரம்மா அடியில் நுழைந்தாள். கொஞ்ச நேரத்துக்கு அவளுடைய இரண்டு பாதம் மட்டும்தான் தெருவுக்குத் தெரிந்தது. ஒரு முனகல், இன்னொரு முனகல், பிறகு துணி ஊறப்போடும் பேசினில் ஆயில் விழும் சத்தம். வெளியே வந்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

மாமா பேசினைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, தேன் மாதிரி இருக்கு! கறுக்கவே இல்லையே. நல்லா இருந்த ஆயில அநியாயமாக் கீழ ஊத்திட்டியே!"

பால்கனியிலிருந்து சிரிப்பு. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்டி, என்ன நாத்தம் இது? அழுகுன பூண்டு மாதிரி."

"ஆயில்னா நாறாம? சென்ட் வாசமா வரும்?" என்றார் மாமா.

அடுத்து ஆயில் ஃபில்டர். அதைக் கழற்றியபோது ஒரு தம்ளர் அளவு வழிந்து பழந்துணியில் விழுந்தது. அது கன்னங்கரேல் என்று இருந்தது. டெய்லரம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

"மாமா, இது மட்டும் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு?"

"அழுக்கெல்லாம் போய்த் தங்குற எடம்மா அது. கறுக்காம என்ன செய்யும்?"

டெப்போவே சொன்ன பிறகு என்ன பேச்சு? போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினாள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினாள். மேலே வந்து, புனல் வைத்து, மூன்று லிட்டர் புது ஆயிலைச் சிந்தாமல் ஊற்றினாள். கையேட்டில் எழுதியிருந்தபடி கொஞ்சம் பொறுத்து, அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு, உருவிப் பார்த்தாள்.

கம்பியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். அது மேல்கோட்டையும் தாண்டி நாலு விரல் ஏறி நின்றது. துணியில் துடைத்தால் கறுப்பு. இப்போதுதானே தெளிவாக ஊற்றினாள்?

மாமா எட்டிப் பார்த்தார். "ஊத்துன ஒடனே அப்படித்தாம்மா காட்டும். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓடவிடு. சுத்துச்சுன்னா தானா எறங்கிடும்." சொன்னதோடு நிற்காமல் டிரைவர் பக்கக் கதவையும் திறந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது.

டெய்லரம்மாவுக்கு ஆசை வராமல் இல்லை. சாவியைத் திருப்பினால் வண்டி ஓடும். இரண்டு நிமிடம் சத்தமும் சரியாகத்தான் இருக்கும். அக்கா கேட்டுத் தலையாட்டுவாள். தெருவும் மாமாவும் சாட்சி. நாளைக்கு என்ன ஆனாலும், "நீங்கதானே சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை மிச்சம் இருக்கும். ஆனால் நாளைக்கு அந்த வண்டியில் உட்காரப்போவது அக்கா.

கையை உள்ளே விட்டுச் சாவியை உருவினாள். சட்டைப் பையிலிருந்த குண்டூசி டப்பாவில் போட்டு மூடினாள். டக் என்ற சத்தம் பால்கனிவரை கேட்டது.

"அளவு ஒத்துவராம நான் துணியில கத்திரி வெக்கிறதில்ல மாமா."

"இது துணி இல்லம்மா."

"அதனாலதான் சொல்றேன். துணின்னா ஒட்டுப் போட்டுக்கலாம்."

டார்ச்சையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனாள். படம் இருந்த பக்கத்தைப் புரட்டினாள். தான் கழற்றிய போல்ட்டைச் சுற்றி அவள் போட்டிருந்த நீலச் சுழி அவ்வளவு பட்டை. படத்தில் பாதியை அதுவே மூடியிருந்தது. வாயால் ஊதினாள், சட்டைக் கையால் தேய்த்தாள். பொடி உதிர்ந்த இடத்தில் இன்னொரு போல்ட் எட்டிப் பார்த்தது. டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு முழம் தள்ளி, அதே அளவில், கூடப்பிறந்தது மாதிரி, அதுவும் அங்கேதான் இருந்தது. அதுதான் எஞ்சின் போல்ட். இவள் திறந்தது கியர் பெட்டியினுடையது. ஸ்டார்ட் செய்து அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால், வறண்ட பெட்டிக்குள் பல்லோடு பல் அரைத்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அடியிலிருந்து வெளியே வர அவளுக்கு நேரமானது. பாதம் இரண்டும் அசையாமல் கிடந்ததைத் தெரு கவனித்தது. பிறகு எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, பால்கனிக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தப்பு பண்ணிட்டேன். நான் எறக்குனது எஞ்சின் ஆயில் இல்ல, கியர் ஆயில். பழைய எஞ்சின் ஆயில் அப்படியே உள்ள இருக்கு. அது தலையிலதான் புதுச ஊத்தியிருக்கேன்."

டீச்சரின் சிவப்புப் பேனா கீழே விழுந்தது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் இருபத்தாறு வருட அனுபவம் சும்மாவா? சீக்கிரமே சமாளித்துக்கொண்டார்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்துது..."

"எப்ப?" என்றாள் அக்கா. "நீங்க தேன்னு சொன்னீங்க. அழுகுன பூண்டுன்னு சொன்னது நான்."

"சரி, விடு. ஆனது ஆச்சு. நாளைக்கு என் வண்டி. அவ்ளோதான்."

"மணி பதினொண்ணுதான் மாமா ஆகுது" என்றாள் டெய்லரம்மா.

துணிக்கு நூல் வாங்கப் போகும்போது ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போவது அவள் வழக்கம். அதேபோல பேசினிலிருந்து கொஞ்சம் ஆயிலை ஜாம் பாட்டிலில் ஊற்றி, கையேட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் பாட்டிலை முகர்ந்தார், பக்கத்தைப் படித்தார், இவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சரியாத்தான் கொண்டாந்திருக்கீங்க. எந்த மெக்கானிக் அனுப்புனாரு?"

"நானேதான்" என்றாள். இந்தத் தடவை வாயில் ஊசி இல்லை.

கியர் ஆயிலும் இன்னொரு டின் எஞ்சின் ஆயிலும் வாங்கித் திரும்பி வந்து, சரியான போல்ட்டைக் கழற்றி, பழையதும் புதியதும் கலந்த கறுப்பு முழுவதையும் இறக்கினாள். எஞ்சின் ஓடாததால் புது ஃபில்டர் மட்டும் தப்பியது. கியர் பெட்டிக்கு ஆயில் ஊற்றும் துளை பக்கவாட்டில், கை மட்டும் நுழைகிற இடுக்கில் இருந்தது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் புதிதாக ஒரு துண்டு எடுத்தாள். எவ்வளவு வெட்டுவது? காலையிலிருந்து கழுத்தில் சும்மா தொங்கிய டேப்புக்கு அப்போதுதான் வேலை வந்தது. துளையிலிருந்து பானெட் விளிம்புவரை அளந்து, தையலுக்கு விடுவதுபோல இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினாள்.

"மேல யாராவது புனலப் புடிக்கணுமே" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

மாமா தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அக்கா படியிறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே வந்து புனலைப் பிடித்துவிட்டாள். கெட்டியான ஆயில், மெதுவாகத்தான் இறங்கியது. அக்கா ஊற்ற, தங்கை துளையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரம்பினால் துளை வழியாக லேசாகக் கசியும் என்று கையேடு சொல்லியிருந்தது. கசிந்தது.

"போதும்க்கா!"

"நாத்தம் சரியா இருக்குடி" என்றாள் அக்கா. "காலையில வந்த அதே நாத்தம்."

மூடியை இறுக்கியபின், இரண்டு போல்ட்டுக்கும் பக்கத்தில் சாக்பீஸால் 'எ' என்றும் 'கி' என்றும் எழுதிவிட்டுத்தான் டெய்லரம்மா வெளியே வந்தாள். வண்டியை இறக்கி, புது எஞ்சின் ஆயிலை அளந்து ஊற்றி, கம்பியை உருவினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், தெளிவாக நின்றது. அதை மாமாவின் முகத்துக்கு நேராகச் சற்று அதிக நேரம் பிடித்துக்காட்டியது உண்மைதான். அந்த அளவு உரிமை அவளுக்கு உண்டு.

குண்டூசி டப்பா திறந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. அக்கா பானெட்டில் கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். வண்டி வாசல் கேட்வரை போய்த் திரும்பி வந்தது. தெரு அக்காவின் வாயையே பார்த்தது. அக்கா, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்பதில் அன்று சாயங்காலம் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாமாவின் வண்டி கழுவித் துடைத்து, முன்கதவு திறந்தபடி நின்றது. நாலடி தள்ளி டெய்லரம்மாவின் வண்டி. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு பால்கனியில் நின்றார்.

அக்கா பையோடு வெளியே வந்தாள். கையை நீட்டி, திறந்திருந்த கதவைத் தொட்டாள். தொட்டு, அதைச் சாத்தினாள். பிறகு நாலடி நடந்து வந்து, தங்கையின் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்தாள்.

"என்னடி பாத்துட்டு இருக்க? எட்டு மணிக்கு அங்க இருக்கணும்."

மாமா தன் வண்டியைப் பார்த்தார், இதைப் பார்த்தார். வண்டியைப் பூட்டிவிட்டு, முட்டி இடிக்கப் பின்சீட்டில் வந்து ஏறினார். வண்டி தெருமுனை திரும்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது.

"கியர் சத்தமே இல்லாம விழுது" என்றார் மாமா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"யாரு பண்ணது?" என்றாள் அக்கா.

மாமா சீட் பெல்ட்டைத் தேடினார்.

"ஏங்க, கேக்குறேன்ல. யாரு பண்ணது?"

"உன் தங்கச்சிதான்."

டெய்லரம்மா எதையும் கேட்காதவள்போலப் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள். கண்ணாடி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அதில் மாமாவின் முகம் முழுசாகத் தெரிவதற்காகத்தான் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.