பதினேழாவது குமிழ்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒரே நேரத்தில் எட்டுக் குரலில் பாடும் புதிய அனலாக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வரப்போகிறது!

கம்பெனி வெளியிட்டது ஒரே ஒரு மங்கலான படம். ஊரெல்லாம் அதில் பதினாறு திருகு குமிழ்களை எண்ணியபோது, கீபோர்டு வாசிக்கும் ஒருவர் மட்டும் பதினேழு கண்டார். "கடைசியில் இருப்பது நாதத்தையே மாற்றும் ரகசிய ஃபில்டர். இல்லையென்றால் இந்தக் குழுவை விட்டே விலகுகிறேன்" என்று இணையக் குழுவில் சத்தியம் செய்தார். உடனே நாற்பது பேர் தங்களுக்கும் அது தெரிகிறது என்றார்கள். ஒருவர் அதன் நாதம் கதகதப்பாக இருக்கும் என்றுகூட எழுதினார்.

"மூணு நாளா இதையே மொறைக்கிறீங்களே, திரையைத் துடைக்கத் தோணலையா?" என்று மனைவி ஈரத்துணியோடு வந்தாள்.

"ஐயோ, தொடாதே! அதான் ரகசியமே!"

ஒரே இழுப்பில் குமிழ் துணியோடு வந்துவிட்டது.

"இது நீங்க போன வாரம் அடிச்ச கொசுங்க."

அவர் இன்னும் குழுவில்தான் இருக்கிறார்.