அத்தான் ஊற்றிய ஒயில்

ஜேர்மனியின் ஹம் நகரில், தன் வீட்டுக் கராஜில், முப்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் துஷானி தன் கையாலேயே ஒயில் மாற்றினாள். முடியும்வரை அக்காவின் கணவர் சிவபாதம் கோயிலுக்கு வெளிக்கிட்ட பட்டு வேட்டியோடு வாசலில் நின்று நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை? வேர்க்ஷ்டாட்டில குடுத்தா, கார் திருத்துற ஜேர்மன்காரன் ஒழுங்காச் செய்வான்."

அவள் ஒயில் மூடியை இறுக்கினாள். எஞ்சினை ஓடவிட்டுக் குச்சியில் ஒயில் அளவு பார்த்தாள், சரியாக இருந்தது. நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அத்தான் அளவுக்குச்சியோடு நின்றார். காலடியில் இரண்டு வெறும் போத்தல்கள் கிடந்தன.

"குச்சி காய்ஞ்சு கிடந்தது. நல்ல காலம், நான் பாத்து ரெண்டு லீட்டர் ஊத்திவிட்டன்."

துஷானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காரில் எஞ்சின் சூடாக ஓடும்போதுதான் ஒயில் அளக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் குச்சி காய்ந்துதான் வரும். அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, ஊற்ற மட்டும் கை வந்தது.

இனி எல்லாவற்றையும் திரும்ப வடிக்க வேண்டும். பரவாயில்லை. அவள் காரில் ஏறி எஞ்சினை ஓடவிட்டாள்.

"அத்தான், சத்தம் சரியோ எண்டு பின்னால நிண்டு கேளுங்கோ."

அவர் பெருமையாகப் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குனிந்தார். அவள் அக்சிலேட்டரை முழுக்க மிதித்தாள். மிஞ்சிய ஒயில் எரிந்து நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பட்டு வேட்டியெல்லாம் கறுப்புப் புள்ளி.

"ஐயோ, என்ன பிள்ளை இது!"

"நீங்கள் ஊத்தினதுதான், அத்தான்."