கஜபதியின் ஒரிஜினல்

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது கிருபாகரனுக்குச் சம்பள வேலை. பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த நகைச்சுவைப் படங்களின் ஒரிஜினல்களை ஆன்லைன் ஏலத்தில் எடுப்பது பைத்தியம். ஒரு சனிக்கிழமை, ஓவியர் கஜபதி 1987 தீபாவளி மலருக்கு வரைந்த படம் அவனுக்கு விழுந்தது. விற்றவர் முகவரி திருவேற்காடு. அவன் இருக்கும் காட்டுப்பாக்கத்திலிருந்து எவ்வளவு தூரம்? கூரியர் வேண்டாமென்று நேரிலேயே போனான்.

கதவைத் திறந்தவர் கஜபதியே. கிருபாகரன் காலில் விழாத குறை. உள்ளே போனால், மேஜைமேல் அவன் ஏலம் எடுத்த அதே படத்தின் மூன்று பிரதிகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம் தேநீர் டிகாஷன், காகிதத்தைப் பழசாக்க.

"என்ன சார் இது?"

"பத்திரிகைக்காரன் ஒரிஜினல திருப்பிக் குட்த்தானா? பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுட்டான். அதான் மறுபடி வரைஞ்சிகினு கீறேன்."

"அப்ப இது போலி!"

"இன்னா தம்பி போலி? வரைஞ்சது நானு. கையெழுத்தும் என்துதான்."

"எண்பத்தேழுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஜோக்கு அந்த வருசத்துதுதானே?"

கிருபாகரன் பணத்தைத் திருப்பிக் கேட்டான். கஜபதி தகராறு செய்யவில்லை. அவர் மனைவி வடிவு போனிலேயே அனுப்பிவிட்டாள்.

கோபம் தணியாமல் கிருபாகரன் தன் போனில் இன்னொரு கஜபதி படத்தைக் காட்டினான். "எங்க ஹால்ல மாட்டியிருக்கேன். ரெண்டு மாசச் சம்பளம். இது உங்க உண்மையான ஒரிஜினல்."

கஜபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்த நான் வரையல, தம்பி. ஆனா சோக்கா கீது. எனக்கு மூக்கு இவ்ளோ நல்லா வராது."

கிருபாகரன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வடிவு தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கஜபதி சொன்னார்: "அத்த எட்த்துகினு வா. பின்னாடி எழுதித் தர்றேன்."

மறுநாளே படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தான். கஜபதி அதன் பின்னால் 'இது என் படமே' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அந்தக் கையொப்பத்தைப் படமெடுத்து, ஏலம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஓவியரே சான்றளித்த ஒரே ஒரிஜினல்! வாழ்த்துகள் குவிந்தன. போலிகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் குழு அவனிடமே கொடுத்தது. அந்த வாரம் அவன் நிராகரித்த முதல் படம், திருவேற்காட்டிலிருந்து கஜபதி ஏலத்துக்கு அனுப்பியது.