கோட்டுக்குக் கிழக்கே

கரிவாயுவில் ஓடும் பஸ் மைசூரை விட்டு, குண்டலுபேட்டையைத் தாண்டி, காட்டு விளிம்பில் வந்து நிற்பதற்குள் சனிக்கிழமை மதியம் சாய்ந்துவிட்டது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. இறங்கியவர்கள் எட்டுத் தொண்டர்களும், காமாக்ஷி வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து பதினான்கு மாணவிகளும். சனிக்கிழமைக்கு லீவு போட்டுக் கூட்டி வந்தவர் காமாக்ஷியின் கணவர் யக்ஞநாராயணன். வாரத்தில் ஆறு நாள் ரயில்வே ஆபீஸில் காகிதத்தோடு மல்லுக்கட்டுபவர். ஏழாம் நாள் யாரையாவது காட்டுக்கு இழுத்து வந்து ஒரு மரத்தையோ பறவையையோ காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

சர்க்கார் அந்தக் காட்டைப் பூங்காவாக்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. காவலுக்கு ஆள் போதவில்லை. அதனால் மாசி மாதக் கடைசியில் தீக்கோடு பெருக்கத் தொண்டர்கள் வருவார்கள். காட்டின் மேற்கு ஓரத்தில், வடக்கு தெற்காக முப்பதடி அகலத்துக்கு வெட்டி விட்ட வெறும் தரைதான் தீக்கோடு. மேய்ச்சல் பக்கம் பற்றுகிற நெருப்பு அதைத் தாண்டிக் காட்டுக்குள் போகாது. கோட்டில் விழுந்த சருகை மேற்கே தள்ளி, மறுநாள் விடியல் ஈரம் காய்வதற்குள் அந்தப் பக்கத்தை அவர்களே கொளுத்திவிடுவார்கள்.

"அத்தனையும் மேக்காலயே தள்ளோணுமுங்க. கெழக்கால ஒரு சருகு கெடக்கக் கூடாது" என்றான் காவலாள் லிங்கப்பன். கொள்ளேகாலத்துப் பக்கத்து ஆள், நாற்பது வயது, எப்போதும் தலைப்பாகை. "மைசூர்லருந்து பஸ் ஏறி வந்து காட்டைப் பெருக்கறீங்க. ஆனைக்குத் தெரிஞ்சா சிரிக்குமுங்க."

"காமாக்ஷி மாமி பெருக்கின இடத்திலே ஆனை கோலமே போடலாம், லிங்கப்பா" என்றார் தபாலாபீஸ் பட்டாபிராமன்.

காமாக்ஷிக்குத் தென்கோடி விழுந்தது. கோடு வளைகிற இடம். கிழக்கே ஒரு மூங்கில் புதர். மூங்கில் மிலார்த் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே வந்தவள், கடைசி இருபது கஜத்தில் நிமிர்ந்து பார்த்தபோது தங்கும் கொட்டகையில் யாரோ விளக்கேற்றிவிட்டிருந்தார்கள். அவள் கை தானாக நின்றது. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளி அவளுக்குப் பழக்கமில்லை. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அந்நேரத்தில் பெருக்க நேர்ந்தால் குப்பையை உள்ளே ஒரு மூலையில் ஒதுக்கி வைத்து, காலையில்தான் அள்ளுவார்கள். கோட்டுக்கு மேற்கே வெளி, கிழக்கே உள். சருகை மூங்கிலடியில் ஐந்து குவியலாக ஒதுக்கினாள். விடியுமுன் எழுந்து மேற்கே தள்ளிவிட்டால் தீர்ந்தது. சொன்னால் பட்டாபிராமன் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார். சொல்லவில்லை.

காலையில் பதினான்கு பெண்களுக்குத் தலை வாரி, உப்புமா போட்டு, ஒருத்தியின் காணாமல் போன செருப்பைத் தேடி எடுப்பதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. யக்ஞநாராயணன் மாணவிகளோடு கிழக்கே புறப்பட்டார். ஒரு மைல் உள்ளே ஒரு குட்டை. பறவைகள் இறங்கும் நேரம் அது. மேட்டுப் பாதையாகப் போய் அதே வழியில் ஒன்பது மணிக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

"நெருப்பு வைக்கறச்சே குழந்தைகளை உள்ளே அழைச்சுண்டு போறேளே, பயமில்லையா?" என்றாள் காமாக்ஷி.

"கோட்டுக்குக் கெழக்க இருந்தா ஊட்டுக்குள்ள இருக்கற மாதிரிங்க" என்று லிங்கப்பன்தான் பதில் சொன்னான்.

அவர்கள் மரங்களுக்குள் மறைந்ததும் அவள் வளைவை நோக்கி நடந்தாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. பின்னால் வடகோடியில் புகை எழுந்தது. லிங்கப்பன் வைத்துவிட்டான்.

ஓடினாள். முதல் குவியலைப் புடவைத் தலைப்பில் அள்ளி மேற்கே கொட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. நெருப்பு கோட்டோரமாக அடக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. தொண்டர்கள் பச்சைத் தழையால் அடித்துக்கொண்டே கூட வந்தார்கள். இன்னும் இரண்டு குவியல். இப்போது கூப்பிட்டுச் சொன்னால் நெருப்பை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வாய் வரைக்கும் வந்தது. இரண்டு குவியல்தானே என்று குனிந்தாள்.

அந்த நேரம் காற்று திரும்பியது. எரிந்துகொண்டிருந்த ஒரு தேக்கிலை அவள் தலைக்கு மேலே மெதுவாக மிதந்து போய் ஐந்தாவது குவியலில் உட்கார்ந்தது. அவள் காலால் மிதித்தாள். அதற்குள் நெருப்பு குவியலின் அடிக்கு இறங்கியிருந்தது. காய்ந்த மூங்கில் துப்பாக்கி போல வெடித்தது.

லிங்கப்பன் ஓடி வந்தான். "கெழக்கால எப்படிப் பத்துச்சு? கோட்டைக் கூட்டியில்ல வெச்சிருந்தோம்?"

"நான்தான். சருகை மூங்கிலடியிலே ஒதுக்கி வெச்சேன். நேத்து விளக்கு வெச்சப்புறம்..."

அவன் திட்டவில்லை. மூங்கிலையும் அதற்குப் பின்னாலிருந்த சரிவையும் பார்த்தான். அவன் முகம் போன போக்கில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நெருப்பு மேட்டுப் பாதைக்குத்தான் ஏறுமுங்க. சாமி அந்த வழியில புள்ளைங்களக் கூட்டியாந்தா..." மற்றவர்களைக் கோட்டிலேயே நிறுத்திவிட்டு, குட்டைக்குப் போகும் வறண்ட பள்ளத்தில் குதித்தான். "நீங்க நில்லுங்கம்மா!"

அவள் நிற்கவில்லை. கல்லும் வேருமான பள்ளத்தில் அவன் பின்னாலேயே ஓடினாள். இடதுபுறம் மேட்டிலிருந்து வந்த இரைச்சல் பெருமழை போலக் கேட்டது. மழையாக இருக்கக் கூடாதா என்று அந்த ஓட்டத்திலும் தோன்றியது.

குட்டையில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் நனைத்த தாவணி. காமாக்ஷி எண்ணினாள். பதினான்கு. மறுபடியும் எண்ணினாள். பதினான்கு.

"சார் எங்கே?"

பெரியவளான தேவம்மா பற்கள் அடித்துக்கொள்ளச் சொன்னாள். "பொகை வந்ததும் எங்களைத் தண்ணிலே எறக்கி விட்டார், டீச்சர். ஆள் வந்து கூப்பிடற மட்டும் ஏறக் கூடாதுன்னார். 'உங்க டீச்சர் உங்களைத் தேடிண்டு மேட்டு வழியா ஓடி வருவா, நான் போய் நிறுத்தணும்'னுட்டுப் போனார்."

லிங்கப்பன் அதற்குமேல் கேட்கவில்லை. துண்டைத் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறினான். காமாக்ஷி கூடவே இரண்டடி வைத்தாள்.

"டீச்சர், நீங்களும் போயிடாதீங்கோ!" தேவம்மா அலறினாள். அழ ஆரம்பித்த இரண்டு சின்னப் பெண்கள் கரைக்கு ஏறப் பார்த்தார்கள்.

காமாக்ஷி திரும்பினாள். தண்ணீரில் இறங்கி அந்த இரண்டு பேரையும் தன்னோடு அணைத்துக்கொண்டாள். புகை குட்டையின் மேல் கவிந்தது. எதிர்க்கரையில் புள்ளிமான்கள் வந்து தண்ணீரில் நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி. ஒன்றும் ஒன்றைப் பார்க்கவில்லை, மனிதர்களையும் பார்க்கவில்லை. "அசையாதீங்கோ. அதுகள் எப்படி நிக்கறது பாருங்கோ, அப்படியே நில்லுங்கோ" என்றாள். குரல் வகுப்பில் இருப்பதுபோலவே வந்தது. "தேவம்மா, அந்த மான்களை எண்ணு. சத்தமா எண்ணு."

தேவம்மா எண்ணினாள். முடிந்ததும் காமாக்ஷி மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னாள். அவள் கண் மட்டும் மேட்டை விட்டு நகரவில்லை.

வெகுநேரம் கழித்து லிங்கப்பன் தனியாக இறங்கி வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. தலைப்பாகை தலையில் இல்லை. யாரை மூட அதை விட்டுவிட்டு வந்தான் என்று அவள் கேட்கவில்லை.

"புள்ளைங்களப் பள்ளத்து வழியாக் கூட்டிப் போயிரலாமுங்க" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

பெண்களை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, முன்னால் அவளே நடந்தாள்.

அன்று சாயங்காலம் ரேஞ்சர் பசவராஜ் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு வாக்குமூலம் எழுதினார். நெருப்பு எப்படி உள்ளே வந்தது என்று லிங்கப்பனைக் கேட்டார்.

"காத்துங்க. திடீர்னு திரும்பிருச்சு. எம்மேலதாந் தப்பு, நாந்தான் முன்னாலயே..."

"அவர் மேலே ஒண்ணும் இல்லை" என்றாள் காமாக்ஷி. "கிழக்கே சருகை ஒதுக்கினது நான். கார்த்தாலே நெருப்பு வரதுக்குள்ளே சொல்லியிருக்கலாம். வெக்கப்பட்டுண்டு சொல்லலை."

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவத்து பேடம்மா. இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"இன்னைக்கே எழுதிக்கோங்கோ. நாளைக்குள்ளே எல்லாரும் எனக்காக வேற காரணம் கண்டுபிடிச்சுடுவா."

அவர் எழுதினார். காகிதத்தை வாங்கி விளக்கடியில் நிதானமாகப் படித்தாள். 'சிறிது சருகு' என்று எழுதியிருந்தார். ஐந்து குவியல் என்று மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள்.